எட்டு மணி நேர உரிமை: வ. சுப்பையா

பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரியில் சவானா, ரோடியர், கெப்ளே என்னும் மூன்று பஞ்சாலைகள் இயங்கின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவற்றை நம்பி வாழ்ந்தன. அவ்வாலைத் தொழிலாளர்களின் உரிமைக்காகத் தம் வாழ்நாளை ஒப்படைத்தவர் மக்கள் தலைவர் வ. சுப்பையா. அவர் 1911ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள் புதுச்சேரியில் பிறந்தார்.

ஆலைக்கு வரும் பருத்திப்பொதியில் இலைத்துணுக்கும் மண்ணும் கொட்டையின் சிதறலும் கலந்திருக்கும். முள் உருளைகள் பஞ்சைப் பிரித்துவிடும். அடிப்பான்கள் விரைந்து சுழன்று அதனை அடிக்கும். கம்பிச் சட்டத்தின் இடைவெளி வழியே கழிவு கீழே உதிரும். எந்திரத்தின் வேகமும் கம்பிகளின் இடைவெளியும் சீராக அமைந்தால் பஞ்சு தூய்மை பெறும். நூலும் தரமாக அமையும். ஆனால், பஞ்சை விட்டு நீங்கிய தூசி காற்றில் மிதந்து அருகில் நிற்பவரின் நுரையீரலைச் சென்றடையும். எந்திரத்தைச் செப்பனிட்டுப் பேணிய முதலாளிகள், அதனை இயக்கிய மனிதரின் ஓய்வை எண்ணவில்லை. பத்து மணி நேரத்திற்கும் மேலாக நீண்ட வேலை, குறைந்த கூலி ஆகியவற்றால் தொழிலாளர் நலிந்தனர். சங்கம் அமைக்கும் உரிமையும் அவர்களுக்குச் சட்டப்படி இல்லை.

இந்நிலையை மாற்ற முனைந்த சுப்பையா, 1934இல் 'சுதந்திரம்' என்னும் இதழைத் தொடங்கினார். அவ்விதழ் வழியாக மக்களிடையே விழிப்புணர்வை ஊட்டினார். ஆலைத் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டினார். 1936 ஜூன் திங்களில் பிரான்சு நாட்டுத் தொழிலாளர்கள் வாரத்திற்கு 40 மணி நேர வேலை என்னும் உரிமையைப் பெற்றனர். அதே கொடியின்கீழ் வாழ்ந்த புதுச்சேரித் தொழிலாளர்களுக்கோ அவ்வுரிமை எட்டாக்கனியாக இருந்தது. அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1936 ஜூலை 30ஆம் நாள் அரசின் படையினர் துப்பாக்கிச்சூடு நடத்தினர். தொழிலாளர் பன்னிருவர் உயிர்நீத்தனர்.

அச்சம் தொழிலாளரைக் கலைத்துவிடவில்லை. சுப்பையாவின் தலைமையில் அவர்கள் உறுதியுடன் நின்றனர். பன்னிருவரின் குருதி பாரிஸ் நகர ஆட்சியாளரின் மனச்சான்றையும் தொட்டது. 1937 ஏப்ரல் 6ஆம் நாள் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் சட்டமாயின. ஆசியாவிலேயே எட்டு மணி நேர வேலையைச் சட்டமாகப் பெற்ற முதல் மண் என்று புதுச்சேரி போற்றப்படுகிறது.

தொழிலாளர் விடுதலையும் நாட்டு விடுதலையும் வேறல்ல என்பதைச் சுப்பையா உணர்ந்திருந்தார். எனவே, பிரெஞ்சு ஆட்சியை அகற்றும் போராட்டத்திலும் முன்னின்றார். சிறைவாசத்தையும் ஊர்விட்டு வாழும் துயரத்தையும் ஏற்றார். 1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. அதன்பின்னும் மக்கள் பணியைத் தொடர்ந்த அவர், 1993 அக்டோபர் 12ஆம் நாள் மறைந்தார்.

இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 30ஆம் நாளன்று புதுச்சேரித் தொழிலாளர்கள் அப்பன்னிருவருக்கு மலரஞ்சலி செலுத்துகின்றனர். வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பும் உழைப்பாளியின் ஓய்வுப்பொழுதில் சுப்பையாவின் உழைப்பும் கலந்திருக்கிறது.