ஜார்ஜ் ஜோசப்

ஜார்ஜ் ஜோசப் (சூன் 5, 1887 - மார்ச் 5, 1938) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் வழக்கறிஞரும் இதழாசிரியரும் ஆவார். குற்றப் பழங்குடிகள் சட்டத்தை எதிர்த்துப் பிறமலைக் கள்ளர்களுக்காகப் போராடியவர். அம்மக்கள் இவரை "ரோசாப்பூ துரை" என்று அழைத்தனர்.

வாழ்க்கை

திருவிதாங்கூர் சமத்தானத்தைச் சேர்ந்த செங்கன்னூரில் பிறந்தார். இதழாளர் போத்தன் ஜோசப் இவரது தம்பி. சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் பயின்றபின், இலண்டனில் சட்டம் படித்து 1909இல் நாடு திரும்பினார். பின்னர் மதுரையில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார்.

குற்றப் பழங்குடிகள் சட்டம்

1871இல் வட இந்தியாவில் கொண்டுவரப்பட்ட இச்சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. 1914 முதல் பிறமலைக் கள்ளர்கள்மீது படிப்படியாக நடைமுறைப்படுத்தப்பட்டது. அவர்கள் உசிலம்பட்டிப் பகுதியிலும், அன்று மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதிகளிலும் வாழ்ந்து வந்தனர். குற்றம் செய்தவரா என்பது பாராமல், பிறப்பை மட்டுமே கொண்டு ஆண்களின் கைரேகை பதியப்பட்டது. இதனால் மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றனர். பதிவு செய்யப்பட்டோர் இரவில் காவலர் பார்வையில் தங்கவும், வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டுப் பெறவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். உழுது பயிரிட்டு வாழ்ந்தோரும் இதற்கு விலக்கல்லர்.

ஏப்ரல் 3, 1920 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்தவர்கள்மீது காவல்துறை சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். ஜோசப் இம்மக்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியதுடன், சட்டத்தைக் கண்டித்து எழுதியும் வந்தார்.

பிற பணிகள்

மதுரை ஆலைத் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டினார். அலகாபாத்தில் மோதிலால் நேருவின் "இண்டிபெண்டன்ட்" இதழின் ஆசிரியராக இருந்தபோது 1921இல் கைதானார். 1923இல் காந்தி சிறையிலிருந்த காலத்தில் "யங் இந்தியா" இதழைக் கவனித்தார். 1924இல் வைக்கம் போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். அப்போராட்டத்தை இந்துக்களே நடத்த வேண்டும் என்பது காந்தியின் கருத்தாக இருந்தது. 1937இல் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மறைவு

1938இல் மதுரையில் காலமானார். அவர் எதிர்த்த சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா முழுவதும் 1952இலும் நீக்கப்பட்டது. அதன்பின் இச்சமூகங்கள் சீர்மரபினர் எனப்பட்டன. பிறமலைக் கள்ளர்களிடையே பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயரிடும் வழக்கம் ஏற்பட்டது.