கவுண்ட் டி லாலி

கவுண்ட் டி லாலி எனப்படும் தாமஸ் ஆர்தர் லாலி (ஜனவரி 13, 1702 – மே 9, 1766) புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரெஞ்சு இந்தியாவின் படைத்தலைவர் ஆவார். பிரான்சின் உயர்ந்த படைத்துறைச் சிறப்பான புனித லூயி விருதைப் பெற்றவர்.

படைப்பணி

பிரான்சின் ரோமான் நகரில், அயர்லாந்திலிருந்து வந்த படை அதிகாரியின் மகனாகப் பிறந்தார். 1745 ஆம் ஆண்டு ஃபோன்டெனுவா போரில் காட்டிய வீரத்துக்காக, மன்னர் பதினைந்தாம் லூயி அவரைக் களத்திலேயே பிரிகேடியராக உயர்த்தினார்.

ஏழாண்டுப் போரின்போது, 1758 ஏப்ரலில் புதுச்சேரி வந்த லாலி, ஜூனில் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையைக் கைப்பற்றினார். பணத்தட்டுப்பாட்டைப் போக்கத் தஞ்சாவூர் மீது எடுத்த படையெடுப்பு பயனளிக்கவில்லை. ஆங்கிலேயக் கப்பற்படை வந்து சேர்ந்ததால், 1759 பிப்ரவரியில் சென்னை முற்றுகையையும் கைவிட நேர்ந்தது. கடுஞ்சொல்லால் புதுச்சேரி ஆட்சிக்குழுவினரின் பகையையும் தேடிக்கொண்டார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட்டிடம் தோற்றார். முற்றுகையால் உணவின்றி வாடிய புதுச்சேரி 1761 ஜனவரியில் சரணடைந்தது. ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர்.

மரண தண்டனை

இங்கிலாந்தில் போர்க்கைதியாக இருந்த லாலி, துரோகக் குற்றச்சாட்டை எதிர்கொள்ளத் தாமே பிரான்சுக்குத் திரும்பினார். பாஸ்டில் சிறையில் அடைக்கப்பட்டார். பாரிஸ் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பின்படி தலை வெட்டிக் கொல்லப்பட்டார். வோல்ட்டேரும் லாலியின் மகனும் தொடர்ந்து வாதாடியதால், 1778 இல் அரச மன்றம் அத்தீர்ப்பை இரத்து செய்தது. எனினும் மறுவிசாரணையில் அவர் குற்றமற்றவர் என அறிவிக்கப்படவில்லை.