பத்திரிகை முதலாளிகளை வென்ற டப் கூப்பர்

1941-ம் வருஷம் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் மந்திரியாக வந்திறங்கிய டப் கூப்பர், நம் பாட்டனார் காலத்து வியாபாரிகள் அறிந்திருந்த பெயர். அன்னாரின் வரலாற்றில் நமக்குப் படிப்பினையும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு.

1890-ல் லண்டனில் ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்து, வெளிநாட்டு இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். முதல் மகாயுத்தத்தில் போர்முனை சென்று வீரப் பதக்கம் பெற்றார். 1924-ல் கன்ஸர்வேடிவ் கட்சி சார்பில் ஓல்டாம் தொகுதியில் ஜெயித்தார், 1929-ல் தோற்றார்.

1931-ல் அக்கட்சித் தலைவர் பால்ட்வினுக்குப் பெரும் சோதனை வந்தது. டெய்லி மெயில் அதிபர் ரோதர்மியர் பிரபுவும், டெய்லி எக்ஸ்பிரஸ் அதிபர் பீவர்புரூக் பிரபுவும் அவரைத் தலைமையிலிருந்து இறக்கக் கச்சை கட்டினார்கள். சாம்ராஜ்யத்துக்குள் சரக்குகள் வரியின்றிப் போய்வர வேண்டும், அந்நியச் சரக்குக்கு, உணவுப் பொருள் உட்பட, வரி போட வேண்டும் என்பது பீவர்புரூக்கின் கோஷம். உணவுக்கு வரி போட்டால் ஏழை ஜனங்களின் வோட்டுப் போய்விடுமே என்று பால்ட்வின் தயங்கினார்.

அச்சமயம் லண்டன் செயின்ட் ஜார்ஜ் தொகுதி அங்கத்தினர் காலமானார். செல்வந்தர்கள் வாழும் மேபேர், பெல்கிரேவியா அடங்கிய தொகுதி அது. உப தேர்தலில் பிரபுக்களின் ஆதரவோடு பெட்டர் என்ற தொழிலதிபர் நின்றார். அவரும் கன்ஸர்வேடிவ்தான்! கட்சி அபேட்சகராக நிற்கவிருந்தவரோ, பால்ட்வினுக்காக வாதாட முடியாதென்று விலகிக்கொண்டார். தொழிற் கட்சியும் நிற்கவில்லை. ஒரே கட்சிக்காரர்கள் இருவர் மோதும் தேர்தலாயிற்று.

வின்செஸ்டர் தொகுதி டப் கூப்பருக்குத் தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு இந்தப் போட்டிக்கு முன்வந்தார். தேர்தலுக்கு இரு தினங்கள் முன்பு பால்ட்வின் பத்திரிகை அதிபர்களைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். மார்ச் 19-ல் நடந்த தேர்தலில் டப் கூப்பருக்கு 17,242 வோட்டும் பெட்டருக்கு 11,532 வோட்டும் கிடைத்தன. கட்சியின் தலைவர் யாரென்று பத்திரிகை முதலாளிகள் தீர்மானிக்க முடியாதென்பது நிரூபணமாயிற்று.

தலைவருக்காக நின்ற இவர், தலைவர் எது செய்தாலும் தலையாட்டியவரல்ல. 1938-ல் சேம்பர்லேன் மூனிச்சில் ஹிட்லரோடு ஒப்பந்தம் செய்ததும், கடற்படை மந்திரி பதவியைத் துறந்து வெளியேறினார்.

ஆனால் சிங்கப்பூரில் அன்னார் சோபிக்கவில்லை. 1941 டிசம்பரில் பினாங்கிலிருந்து ஐரோப்பியர்களை மட்டும் அழைத்துச் சென்றுவிட்டு, மற்றவர்களைக் கைவிட்டார்கள். மக்களெல்லாம் வெளியேற்றப்பட்டார்கள் என்று பொருள்படும்படி இவர் வானொலியில் பேசியது, ஆசிய மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. 1942 ஜனவரியில் சிங்கப்பூரை விட்டுப் போனார். அடுத்த மாதம் நகரம் வீழ்ந்தது.

பின்னர் பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்து, 1954 ஜனவரி முதல் தேதி கப்பல் பிரயாணத்தில் காலமானார்.

கையிலிருந்த தொகுதியையும் பதவியையும் கொள்கைக்காக விட்டவர் என்று அன்னாரைப் புகழ்வது நியாயமே. பினாங்கு மக்களுக்கு வந்த கதியையும் அதே ஏட்டில் எழுதிவைப்பதுதான் நேர்மையான கணக்கு.