ந்டோலா காட்டில் முடிந்த பயணம்

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது, புதிர்ப் போட்டிக்காக ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர்களை வரிசையாக மனனம் செய்தேன். டிரிக்வே லீ, டாக் ஹாமர்ஷோல்ட், ஊ தாண்ட் என்று பட்டியல் போகும். இரண்டாவது பெயர் மட்டும் நாக்கில் நிற்கவே நிற்காது. அத்தனை பாடுபட்டும் போட்டியில் அந்தக் கேள்வி வரவில்லை என்பது வேறு கதை. பல ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழக நூலகத்தில் ஓர் இடுபணிக்காக ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அதே பெயர் மீண்டும் கண்ணில் பட்டது. அவர் 1961இல் விமான விபத்தில் இறந்தார் என்று ஒரு நூல் சொன்னது. அது விபத்துதானா என்று இன்னொரு நூல் கேட்டது. இடுபணி ஒரு பக்கம் கிடக்க, நான் அவரைத் தேடிப் போனேன்.

டாக் ஹாமர்ஷோல்ட் 1905ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் சுவீடனில் பிறந்தார். தந்தை முதல் உலகப்போர்க் காலத்தில் அந்நாட்டின் பிரதமராக இருந்தவர்; உப்சாலா மாநில ஆளுநராகவும் இருந்தவர். அதனால் பிள்ளை வளர்ந்தது உப்சாலாவின் பழைய கோட்டையில். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம், நிதியமைச்சில் உயர் பதவி, மத்திய வங்கி வாரியத்தின் தலைமை எல்லாம் அடுத்தடுத்து அவரைத் தேடி வந்தன. மலையேறுவதிலும் கவிதையிலும் நாட்டம் கொண்டவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1953இல் அவரை ஐ.நா.வின் பொதுச் செயலாளராக வல்லரசுகள் ஏற்றுக்கொண்ட செய்தியை நள்ளிரவில் ஒரு செய்தியாளர் தொலைபேசியில் சொன்னபோது, ஏப்ரல் முதல் நாள் நெருங்குவதால் யாரோ விளையாடுகிறார்கள் என்று எண்ணினாராம்.

வல்லரசுகளும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும். கணக்கு வழக்குகளை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல் இருக்கும் ஓர் அலுவலரைப் பிடித்துவிட்டதாக அவை நம்பின. ஆனால், அவர் 1955இல் நேரே பீக்கிங்கிற்குச் சென்று சூ என்லாயிடம் பேசினார். சீனா சிறை வைத்திருந்த 11 அமெரிக்க விமானப் படையினர் அவ்வாண்டே விடுதலையாயினர். 1956இல் சூயஸ் நெருக்கடி வெடித்தபோது, கனடாவின் லெஸ்டர் பியர்சன் முன்வைத்த திட்டத்தைச் சில நாள்களில் நடைமுறைப்படுத்தி, ஐ.நா.வின் முதல் அமைதிப்படையை எகிப்துக்கு அனுப்பினார். இன்று தொலைக்காட்சியில் நாம் காணும் நீலத் தலைக்கவசம் அங்கே பிறந்ததுதான்.

அவருடைய காலத்தில்தான், 1957 செப்டம்பர் 17ஆம் நாள், நமது மலாயா ஐ.நா.வில் உறுப்பு நாடாகச் சேர்ந்தது. இந்தத் தேதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவரை நம் நாட்டோடு பிணைக்கும் இன்னொரு கயிறும் உண்டு. 1960இல் கொங்கோவிற்கு அவர் அமைதிப்படை திரட்டியபோது, விடுதலை பெற்று மூன்றாண்டே ஆன மலாயாவும் தன் வீரர்களை அனுப்பியது.

அந்தக் கொங்கோதான் அவரை விழுங்கியது. 1960 ஜூன் 30ஆம் நாள் பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்ற அந்நாடு, இரண்டு வாரங்களுக்குள் உடைந்தது. செம்பும் கோபால்ட்டும் கொழிக்கும் கதாங்கா மாநிலத்தைச் சோம்பே என்பவர் பிரித்துத் தனிநாடு என்று அறிவித்தார். பெல்ஜியச் சுரங்க நிறுவனத்தின் பணமும் வெள்ளைக்காரக் கூலிப்படையும் அவருக்குப் பின்னால் நின்றன. பிரதமர் பாட்ரிஸ் லுமும்பா ஐ.நா.வின் உதவியை நாடினார். படை வந்தது, ஆனால், கதாங்காவைப் பலவந்தமாகப் பணிய வைக்க ஹாமர்ஷோல்ட் முன்வரவில்லை. இருவருக்கும் பகை மூண்டது. லுமும்பா பதவி இழந்து, எதிரிகளிடம் பிடிபட்டு அடிபட்டபோது ஐ.நா. படை தலையிடவில்லை. 1961 ஜனவரி 17ஆம் நாள் கதாங்காவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஹாமர்ஷோல்டை எவ்வளவு மதித்தாலும், இந்த இடத்தில் அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. நடுநிலை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றது, பலசாலியின் பக்கம் நின்றதாகவே முடிந்தது.

லுமும்பாவின் கொலையை உடனடியாக, நடுநிலையோடு விசாரிக்க வேண்டும் என்று பாதுகாப்பு மன்றம் அந்தப் பிப்ரவரியில் தீர்மானித்தது. ஐ.நா. ஆணையம் அமைந்தது. கொங்கோ அதிகாரிகள் அவ்வாணையத்தை நாட்டிற்குள்ளேயே விடவில்லை. கொலை நடந்த மண்ணை மிதிக்காமலே அது அறிக்கை எழுத வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் சோவியத் தலைவர் குருஷேவ், ஹாமர்ஷோல்ட் பதவி விலக வேண்டும், அவரது இடத்தில் மூன்று முகாம்களுக்கும் ஆளுக்கு ஒருவராக மூவர் அமர வேண்டும் என்று முழங்கினார். எந்த நாட்டுக்கும் சாயாத மனிதனே இருக்க முடியாது என்பது அவரது வாதம். ஹாமர்ஷோல்ட் விலக மறுத்தார். பெரிய நாடுகளுக்குத் தம்மைக் காத்துக்கொள்ளத் தெரியும். சிறிய நாடுகளுக்குத்தான் இந்தச் சபை தேவை என்பது அவரது மறுமொழி. 1961 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில், எந்த அரசாங்கத்தின் கட்டளைக்கும் பணியாத அனைத்துலக அலுவலர் இருக்க முடியும், இருந்தாக வேண்டும் என்று வாதிட்டார். அப்போது அவருக்கு எஞ்சியிருந்தது நான்கு மாதத்திற்கும் குறைவான ஆயுள்.

செப்டம்பரில் கதாங்காவில் ஐ.நா. படைக்கும் சோம்பேயின் படைக்கும் சண்டை மூண்டது. போர்நிறுத்தம் பேச ஹாமர்ஷோல்ட் தாமே புறப்பட்டார். சந்திப்பிடம், பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட வட ரொடீசியாவின் ந்டோலா, இன்றைய சாம்பியா. செப்டம்பர் 17ஆம் நாள் மாலை, அவரையும் 15 பேரையும் சுமந்துகொண்டு அல்பெர்டினா என்ற டிசி-6 விமானம் கிளம்பியது. கதாங்காவின் போர் விமானத்திற்கு அஞ்சி, சுற்றுவழியில், வானொலித் தொடர்பைப் பெரும்பாலும் அடக்கிக்கொண்டே பறந்தது. மலாயா ஐ.நா.வில் சேர்ந்து அன்றோடு சரியாக நான்கு ஆண்டுகள்.

நள்ளிரவு தாண்டியதும் விமானம் ந்டோலாவுக்கு மேலே வந்தது, விமான நிலையத்தோடு பேசியது, பிறகு பேச்சில்லை. வேறெங்காவது போயிருப்பார் என்று சொல்லி, நிலையத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார்கள். ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில் காட்டுக்குள் எரிந்து கிடந்த விமானம் அதிகாரப்பூர்வமாகக் கண்டெடுக்கப்பட்டபோது 15 மணி நேரம் கடந்திருந்தது. உயிரோடு இருந்தவர் பாதுகாப்பு அதிகாரி ஹரோல்ட் ஜூலியன் ஒருவரே. விமானம் வெடித்ததாகவும் வானில் தீப்பொறிகள் பறந்ததாகவும் அவர் மருத்துவமனையில் சொன்னார். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று ஒதுக்கினார்கள். சில நாள்களில் அவரும் இறந்தார்.

சாட்சிகள் இன்னும் இருந்தார்கள். அந்தக் காட்டில் கரி சுடும் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் அவர்கள். கரிமேடு போட்டவன் இரவில் கண்ணயர முடியாது. காற்றுப் புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். கோலா செப்பாத்தாங் கரிச்சூளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். விழித்திருந்த அந்த மனிதர்களில் சிலர், பெரிய விமானத்தோடு வேறொரு சிறு விமானத்தையும், வானத்தில் ஒரு வெளிச்சத்தையும் கண்டதாகச் சொன்னார்கள். காலனித்துவ அரசின் விசாரணைக்கு அவர்களின் சொல் சொல்லாகப் படவில்லை. விமானியின் தவறு என்று ரொடீசிய ஆணையம் முடித்தது. 1962இல், நேப்பாளத்தைச் சேர்ந்த ரிஷிகேஷ் ஷாஹாவின் தலைமையில் ஐ.நா. நடத்திய விசாரணை, தாக்குதலையோ சதியையோ மறுப்பதற்கில்லை என்று திறந்த முடிவு கூறியது. புதிய சான்று கிடைத்தால் தெரிவிக்கும்படி பொதுப் பேரவை தீர்மானம் போட்டது. அத்தோடு சரி.

ஹாமர்ஷோல்டுக்கு அமைதிக்கான நோபல் பரிசு இறப்பிற்குப் பின் வழங்கப்பட்டது. அவரது நியூயார்க் வீட்டிலிருந்த நாட்குறிப்பு 1963இல் நூலாயிற்று. உலக அரசியலைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. முழுக்க மனத்தோடு நடத்திய போராட்டம். கொலையா விபத்தா என்ற கேள்வி மட்டும் காட்டிலேயே கிடந்தது.

2011இல் சூசன் வில்லியம்ஸ் என்ற வரலாற்றாய்வாளரின் நூல் அதை வெளியே இழுத்தது. அதன் விளைவாக எந்த அரசின் ஆணையும் இல்லாமல், பிரிட்டன், தென்னாப்பிரிக்கா, சுவீடன், நெதர்லாந்து நாடுகளின் சட்ட வல்லுநர்கள் நால்வர், ஸ்டீஃபன் செட்லியின் தலைமையில், தாமாகவே ஓர் ஆணையமாக அமர்ந்து ஆராய்ந்தார்கள். மீண்டும் விசாரிக்கப் போதிய காரணம் உண்டு என்று 2013இல் அறிவித்தார்கள். 2015இல் ஐ.நா. மூவர் குழுவை அமைத்தது. அதன் தலைவர் தான்சானியாவின் தலைமை நீதிபதி முகமது சண்டே ஓத்மான். முதுமையடைந்திருந்த சாம்பியச் சாட்சிகளின் வாக்குமூலங்களுக்கும் சான்றுமதிப்பு உண்டு என்று அக்குழு எழுதியது. அதற்குள் ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஓடியிருந்தன.

தொடர்ந்து தனியாளாக அப்பணியை ஏற்ற ஓத்மான், வெளித்தாக்குதலோ மிரட்டலோ காரணமாக இருந்திருக்கலாம் என்று 2017இல் கூறினார். விமானியின் தவறு என்ற வாய்ப்பையும் அவர் தள்ளிவிடவில்லை. அன்றிரவு வானொலிப் பேச்சுகளை ஒட்டுக்கேட்டிருக்கக்கூடிய நாடுகளின் உளவுத்துறைக் கோப்புகளைத் திறந்தால்தான் உண்மை நெருங்கும். அமெரிக்கா, பிரிட்டன், தென்னாப்பிரிக்கா ஆகியவற்றிடம் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். 2024இல் வெளிவந்த அவரது அறிக்கையும், உறுப்பு நாடுகள் சிலவற்றிடம் வெளியிடப்படாத தகவல் இருக்கிறது என்றே சொல்கிறது.