பித்தளையில் காலம் வடித்த தச்சர்

காலத்தைப் பாடியவர் பலர். காலத்தைக் கணித்தவரும் பலர். காலத்தைத் தம் கையாலேயே உலோகத்தில் வடித்துக் காட்டியவர் மிகச் சிலரே. அச்சிலருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஜான் ஹாரிசன் என்னும் ஆங்கிலத் தச்சர். 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மரச் சிற்பங்களுக்குப் பெயர்போனது நம் கள்ளக்குறிச்சி வட்டாரம். இங்கே பத்தாண்டுகளாகச் சொல்லைச் செதுக்கி வரும் நம் இலக்கிய வட்டத்தின் மலரில், உளியெடுத்த ஒருவரின் வரலாறு இடம்பெறுவது பொருத்தமேயாகும்.

அவர் எதிர்கொண்ட சிக்கலை நம் ஊரிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். நைனார்பாளையத்தில் நிழல் மிகக் குறுகும் உச்சிப்பொழுது, கடிகாரம் 12 மணியைக் காட்டிச் சராசரியாக 14 நிமிடங்கள் கழிந்த பின்னரே வருகிறது. நம் கடிகாரங்கள் காட்டுவது கிழக்கே 82½ பாகையில் செல்லும் தீர்க்கரேகையின் நேரம். நாம் வாழ்வதோ ஏறத்தாழ 79 பாகையில். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் முன்னோர் கணக்கில் ஒரு நாழிகைக்கு 6 பாகை. இரண்டு இடங்களின் நேர வேறுபாடு தெரிந்தால் அவற்றுக்கு இடையே உள்ள கிழக்கு மேற்குத் தொலைவும் தெரிந்துவிடும்.

நடுக்கடலில் நிற்கும் மாலுமி, தான் இருக்கும் இடத்து நண்பகலைச் சூரியனைக் கொண்டு அறிவான். அதே கணத்தில் தான் புறப்பட்டு வந்த துறைமுகத்தில் என்ன நேரம் என்பதை அறியத்தான் அவனுக்கு வழியில்லை. ஊசற் கடிகாரம் கப்பலின் ஆட்டத்தில் தடுமாறும்; வெப்பத்தில் உலோகம் நீண்டு நேரம் பிந்தும்; குளிரில் எண்ணெய் இறுகும். 1707ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் போர்க்கப்பல்கள் நான்கு, தாம் எங்கிருக்கிறோம் என்பதை அறியாமலே சில்லித் தீவுப் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1714இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மேற்கிந்தியத் தீவுகள் வரை செல்லும் பயணத்தில் தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் பிழையின்றிக் கண்டறியும் முறைக்கு 20,000 பவுன் பரிசு என அறிவித்தது. அரைப் பாகை என்பது 2 நிமிடம். ஆறு வாரப் பயணத்தில் நாளொன்றுக்கு 3 நொடிகூடத் தவறாத கடிகாரம் இருந்தாலன்றி அப்பரிசு கைகூடாது. நியூட்டன் போன்ற பேரறிஞரே அத்தகைய கடிகாரத்தை எளிதில் நம்பவில்லை.

ஹாரிசன் 1693இல் யார்க்‌ஷயர் மாநிலத்துச் சிற்றூரான ஃபவுல்பியில் பிறந்தார். தந்தை ஒரு தச்சர். குடும்பம் பின்னர் ஹம்பர் ஆற்றங்கரையில் உள்ள பாரோ என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. மைந்தர் தந்தையின் தொழிலைக் கற்றார். ஊர்த் தேவாலயத்தில் பாடினார். மணிகளுக்குச் சுருதி கூட்டினார். கல்லூரி வாசல் மிதிக்காத அவருக்கு ஒரு பாதிரியார், விழியிழந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சாண்டர்சனின் விரிவுரைப் படி ஒன்றை இரவலாகக் கொடுத்தார். இளைஞர் அதை எழுத்துக்கு எழுத்து தம் கையால் படியெடுத்துக்கொண்டார்.

1713இல், தம் இருபதாம் வயதில், முதல் கடிகாரத்தைச் செய்தார். பல்சக்கரங்கள்கூட ஓக் மரத்தால் ஆனவை. தச்சருக்குத் தெரிந்த பொருள் மரமன்றோ! 1720களின் தொடக்கத்தில் பிராக்கில்ஸ்பி மாளிகைக்கு அவர் செய்த கோபுரக் கடிகாரத்தில், இயல்பாகவே எண்ணெய்ப் பசை உடைய மரத்தைத் தேய்மானப் பகுதிகளில் பொருத்தினார். எண்ணெய் இடாமலே அது ஓடியது.

அடுத்து வெப்பத்தை வென்றார். இரும்பைவிடப் பித்தளை வெப்பத்தில் மிகுதியாக நீளும். எஃகுக் கம்பிகளையும் பித்தளைக் கம்பிகளையும் மாறி மாறி அடுக்கி, ஒன்றின் நீட்சியை மற்றொன்றின் நீட்சி ஈடுசெய்யுமாறு ஓர் ஊசலை அமைத்தார். கோடையிலும் குளிரிலும் அதன் நீளம் மாறவில்லை. தம் கடிகாரத்தைச் சரிபார்க்க அவரிடம் வானாய்வகம் இல்லை. தம் வீட்டுச் சன்னலின் விளிம்பும் அண்டை வீட்டுப் புகைபோக்கியுமே கருவிகள். ஒரு விண்மீன் இரவுதோறும் 3 நிமிடம் 56 நொடி முன்னதாக அந்தப் புகைபோக்கியின் பின்னே மறையும். அதைக் கண்விழித்து எண்ணிப் பார்த்தார். மாதத்திற்கு ஒரு நொடியே தவறும் கடிகாரங்கள் அந்தச் சிற்றூர்ப் பட்டறையில் பிறந்தன.

1730இல் அவர் இலண்டன் சென்றார். வானியலாளர் ஹாலி அவரைக் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் கிரகாமிடம் அனுப்பினார். போட்டியாளராகக் கருதி விரட்டியிருக்க வேண்டிய கிரகாம், நாளெல்லாம் உரையாடி, பணமும் கடனாகக் கொடுத்து அனுப்பினார். ஊர் திரும்பிய ஹாரிசன் தம்பி ஜேம்ஸுடன் சேர்ந்து ஐந்தாண்டுகள் உழைத்தார். 1735இல் முதல் கடற்கடிகாரம் உருப்பெற்றது. பளபளக்கும் பித்தளைச் சட்டகம். ஏறத்தாழ 34 கிலோ எடை. ஊசலுக்கு மாறாக, நுனிகளில் குண்டு பொருத்திய இரு தண்டுகள் ஒன்றற்கொன்று எதிராக அசைந்தன. கப்பலின் ஆட்டம் ஒன்றை முந்தச் செய்தால் மற்றொன்றைப் பிந்தச் செய்யும். ஆதலின் மொத்த ஓட்டம் மாறாது. 1736இல் லிஸ்பன் சென்று திரும்பிய பயணத்தில், தொலைவில் தெரிந்த கரை எது என்று மாலுமிகள் தவறாகக் கணித்தபோது ஹாரிசனின் கணக்கே சரியாயிற்று.

1737இல் தீர்க்கரேகை வாரியம் அவருக்காகக் கூடியது. அரசு அதிகாரிகளும் அறிஞர்களும் அமர்ந்திருந்த அவையில் குறை சொன்னவர் ஒருவரே. அவர் ஹாரிசன்தாம்! மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பிச் சோதியுங்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். மாறாக, இக்கருவியில் இன்னின்ன குறைகள் உள்ளன, இதனினும் சிறந்ததைச் செய்ய 500 பவுன் வேண்டும் என்றே கேட்டார். இரண்டாம் கடிகாரம் 1739இல் முடிந்தது. கப்பல் திரும்பும்போது அதன் தண்டுகள் பிழைபடும் என்பதைத் தாமே கண்டறிந்து, கடலுக்கு அனுப்பாமலே ஒதுக்கினார். மூன்றாவதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் கொடுத்தார். வெப்பத்திற்கேற்ப வளையும் இருலோகப் பட்டையும், கூண்டுக்குள் சுழலும் உருளைத் தாங்கியும் அப்போது பிறந்தவையே. பின்னாளில் எத்தனையோ பொறிகளில் அவை இடம்பெற்றன. ஆயினும் கடிகாரம் அவரை நிறைவு செய்யவில்லை.

அந்த ஆண்டுகளின் இடையே, 1753இல், தம் சொந்தப் பயன்பாட்டிற்காக ஒரு சிறு பைக்கடிகாரத்தைத் தாமே வகுத்தார். இலண்டன் கலைஞர் ஜெஃப்ரிஸ் அதைச் செய்துகொடுத்தார். அதன் துல்லியம் அவரை வியப்பில் ஆழ்த்தியது. கால் நூற்றாண்டாகத் தாம் பெரிதாகக் கட்டி வந்ததற்கு விடை சிறியதில் இருக்கிறது என்று உணர்ந்தார். அறுபதைத் தாண்டிய வயதில் பாதையையே மாற்றினார். 1759இல் நிறைவுற்ற நான்காம் கடிகாரம் 13 சென்டிமீட்டர் குறுக்களவும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையும் மட்டுமே உடையது. 1761இல் மகன் வில்லியம் அதனுடன் ஜமைக்காவுக்குக் கடலேறினார். 81 நாட்களில் கண்ட பிழை 5 நொடி.

ஆயினும் பரிசு வரவில்லை. தற்செயலாக அமைந்திருக்கலாம் என்றது வாரியம். 1764இல் பார்படோஸ் பயணத்திலும் கடிகாரம் சட்டம் கேட்டதைப் போல மும்மடங்கு துல்லியம் காட்டியது. வாரியம் பாதித் தொகைக்கே இசைந்தது. மறுபாதிக்குப் புதிய நிபந்தனைகள் விதித்தது. நிலவின் இடத்தைக் கொண்டு தீர்க்கரேகை காணும் முறையில் பற்றுடைய மாஸ்கெலின், 1765இல் அரச வானியலாளராகி வாரியத்திலும் அமர்ந்தார். அம்முறையும் மெய்யானதே, மாலுமிகளுக்குப் பல்லாண்டுகள் பயன்பட்டதே. எனினும் போட்டி முறையின் ஆதரவாளரே நடுவராகவும் இருந்தது முதியவரை வருத்தியது. 1766இல் கடிகாரங்களை எடுத்துச் செல்ல ஆட்கள் வந்தபோது முதல் கடிகாரம் கீழே விழுந்து சேதமுற்றது.

ஹாரிசன் ஐந்தாம் கடிகாரத்தையும் செய்தார். 1772இல் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அதைத் தாமே சோதித்து, அவர் பக்கம் நின்றார். மறு ஆண்டு நாடாளுமன்றம் 8,750 பவுன் வழங்கியது. அப்போது அவருக்கு வயது எண்பது. வாரியத்தின் கையால் அப்பரிசு அவருக்கு என்றுமே கிடைக்கவில்லை. நான்காம் கடிகாரத்தின் நகலுடன் உலகைச் சுற்றிய கேப்டன் குக், 1775இல் அதன் புகழோடு திரும்பினார். 1776ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் ஹாரிசன் இலண்டனில் மறைந்தார்.

மறைவுக்கு முந்திய ஆண்டு அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதன் நடை சிக்கலானது. படித்தவர் பலர் நகைத்தனர். தம் முறைப்படி செய்த ஊசற் கடிகாரம் நூறு நாட்களில் ஒரு நொடிக்குள் நிற்கும் என்று அதில் அவர் கூறியதை எவரும் ஏற்கவில்லை. 2015இல் கிரீனிச் வானாய்வகத்தில், அவர் வகுத்த நெறிப்படி மார்ட்டின் பர்ஜெஸ் தொடங்கிய கடிகாரம் நூறு நாட்கள் முத்திரையிட்டுச் சோதிக்கப்பட்டது. பிழை ஒரு நொடிக்கும் குறைவு.

சொல் அவருக்கு வசப்படவில்லை, பித்தளை வசப்பட்டது. சொல்லையே கருவியாகக் கொண்ட நமக்கு அவர் வாழ்வு சொல்வது ஒன்றுண்டு. பிறர் மறுத்ததை அவர் நாற்பதாண்டு தாங்கியது பெரிது. அதனினும் பெரிது, பிறர் பாராட்டியதைத் தாமே மறுத்தது. எழுதியதை ஒதுக்கி, மீண்டும் எழுத அமரும் கவிஞர் எவரும் அந்தத் தச்சரின் பட்டறையில் அமர்ந்தவரே ஆவார்.