மேடையில் நிமிர்ந்து நின்ற பால் ராப்சன்

கல்வியின் பயனைப் பேசப் புகுவோர் பட்டங்களையும் பதவிகளையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் நாம் ஒரு நடிகரின் வாழ்வை எடுத்துக்கொள்கிறோம். அவர் பால் ராப்சன். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய பாடகர், நடிகர், உரிமைப் போராளி. ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் தலைமைப் பாத்திரம் ஏற்க அவர் செய்துகொண்ட ஆயத்தம் நம் இளைஞர்கள் அறிய வேண்டிய ஒன்றாகும்.

ராப்சன் 1898 ஏப்ரல் 9ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்துப் பிரின்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் அடிமையாகப் பிறந்து, பதினைந்தாம் வயதில் பண்ணையினின்றும் தப்பி, பின்னர்க் கல்வி கற்றுத் திருச்சபைப் போதகரானவர். அப்பதவி பறிபோனபோது சாம்பல் அள்ளும் வண்டியோட்டிப் பிழைத்தார். ஆயினும் மக்களின் படிப்பை நிறுத்தினாரல்லர். தாயார் தீ விபத்தில் மறைந்தபோது பாலுக்கு ஆறு வயது நிரம்பவில்லை. சொற்களைத் திருத்தமாகவும் பொருளுணர்ந்தும் ஒலிக்கத் தந்தையாரே மகனைப் பழக்கினார். மேடைக்கான முதற்பயிற்சி அவ்வேழை வீட்டிலேயே தொடங்கிற்று எனலாம்.

1915இல் உதவித்தொகை பெற்று ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். கால்பந்துப் பயிற்சியின்போது வெள்ளை மாணவர்கள் வேண்டுமென்றே தாக்கி அவர் மூக்கை உடைத்தனர். அவர் விலகவில்லை, நாடறிந்த ஆட்டக்காரராயும் கல்வியில் முதன்மை மாணவராயும் 1919இல் வெளிவந்தார். பின்னர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1923இல் பட்டம் பெற்றார். நம் அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்றதும் அப்பல்கலைக்கழகமே என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். ஆனால் வழக்கறிஞர் அலுவலகத்தில், கறுப்பர் சொல்வதை எழுத மாட்டேன் என்று சுருக்கெழுத்துப் பணியாளர் ஒருவர் மறுத்தார். ராப்சன் அத்தொழிலைத் துறந்து நாடக மேடையை நாடினார்.

1928இல் லண்டனில் ‘ஷோ போட்’ என்னும் இசை நாடகத்தில், மிசிசிப்பி ஆற்றுத்துறையில் மூட்டை சுமக்கும் தொழிலாளியாக நடித்துப் பாடினார். உலகம் அக்குரலைப் போற்றியது. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் துறைமுகத்தை நம்பி வாழும் நமக்கு அப்பாத்திரம் அயலன்று. எனினும் சுமை தூக்குபவனாக மட்டுமே தம் இனத்தான் மேடையேற வேண்டுமென்பதை ராப்சன் ஏற்கவில்லை.

ஒத்தெல்லோ வெனிஸ் நாட்டுப் படைத்தலைவன், கருநிறத்தான். அயலவனாகிய அவன் டெஸ்டிமோனா என்னும் வெனிஸ் மங்கையை மணக்கிறான். இயாகோ என்பவனின் வஞ்சனையால் அவளை ஐயுற்றுக் கொன்று தானும் மடிகிறான். கருநிறத் தலைவனின் இவ்வேடத்தை, முகத்தில் கருமை பூசிய வெள்ளை நடிகர்களே வழிவழியாக ஏற்றனர். 1833இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒத்தெல்லோவாகத் தோன்றிய ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்னும் கறுப்பின நடிகர் அரிய விதிவிலக்கு.

1930இல் லண்டன் சவாய் அரங்கில் அவ்வேடம் ராப்சனுக்கு வாய்த்தது. அவர் தம் குரல்வளத்தை மட்டும் நம்பவில்லை. சாசர் முதலிய முற்காலப் புலவர்களைக் கற்றார். பழைய ஆங்கிலத்தின் ஒலிப்பு முறையை ஆராய்ந்தார். இயக்குநரின் வழிகாட்டல் போதாதபோது, டெஸ்டிமோனாவாக நடித்த பெக்கி ஆஷ்கிராப்ட் முதலியோருடன் தனியே ஒத்திகை பார்த்தார். ஐரா ஆல்ட்ரிட்ஜின் மகளார் அமண்டா, தம் தந்தையார் ஒத்தெல்லோ வேடத்தில் அணிந்த காதணிகளை அவருக்கு அளித்தார்.

மக்கள் ஆரவாரித்து வரவேற்றனர். ஆயினும் ராப்சனுக்குத் தம் நடிப்பில் நிறைவில்லை. சொற்கள் வசமாயின, உடல் வசமாகவில்லை. வெள்ளைப் பெண்ணை நெருங்குவதே உயிருக்கு ஆபத்தாயிருந்த நாட்டில் வளர்ந்தவர், மேடையில் மனைவியாக நடிப்பவள் அருகில் வந்தபோதும் தம்மையறியாமல் பின்வாங்கினார். படைத்தலைவன் உடையில், ஆண்டையின் வாயிற்படியில் தயங்கும் பண்ணையாள் நின்றான். அதற்கு முந்திய ஆண்டே, அவ்வரங்கை அடுத்த சவாய் உணவகத்தில் நிறம் காரணமாக அவருக்கு இடம் மறுக்கப்பட்டிருந்தது. தலைமுறை தலைமுறையாய் ஊரின் ஓரத்தில் நிறுத்தப்பட்ட நமக்கு இத்தயக்கத்தை விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே அவருடைய ஆயத்தம் 1930இல் முடியவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் நீண்டது. அவர் ஆப்பிரிக்க மொழிகளைப் பயின்று தம் முன்னோரின் பெருமையை உணர்ந்தார். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரோடு தோழமை பூண்டார். ஒத்தெல்லோவின் வீழ்ச்சிக்கு வெறும் பொறாமை காரணமன்று, அயலார் நடுவே தனித்து நிற்பவனின் மானம் புண்பட்டதே காரணம் எனத் தெளிந்தார். பாத்திரத்தின் பெருமிதம் அவர் உடலில் குடிகொண்டது.

1942 ஆகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜிலும், தந்தையார் சாம்பல் வண்டியோட்டிய அதே பிரின்ஸ்டனிலும் நாடகம் சோதனையாக நடிக்கப்பட்டது. 1943 அக்டோபர் 19ஆம் நாள் நியூயார்க் ஷூபர்ட் அரங்கில் அரங்கேறி, 296 முறை தொடர்ந்து நடைபெற்றது. அந்நகரின் பிராட்வே மேடையில் ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அதுவரை அத்துணை நாள் ஓடியதில்லை. பிற நகரங்களுக்குச் சென்றபோது, கறுப்பரைத் தனியே அமர்த்தும் அரங்குகளில் நடிக்க அவர் மறுத்தார். தாம் மட்டும் மேடையேறித் தம் மக்கள் ஓரத்தில் ஒதுக்கப்படுவதை அவர் வெற்றியாகக் கருதவில்லை.

உரிமைக்குக் குரல் கொடுத்த குற்றத்திற்காக 1950இல் அவருடைய கடவுச்சீட்டை அமெரிக்க அரசு முடக்கியது; மேடைகள் அடைபட்டன. 1958இல் அவரது அறுபதாம் பிறந்தநாள் இந்தியாவிலும் கொண்டாடப்பட்டது. பிரதமர் நேரு அதனை வரவேற்றுப் பாராட்டினார். அவ்வாண்டே கடவுச்சீட்டு மீண்டது. மறு ஆண்டு, ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்போர்டு நகரிலேயே மீண்டும் ஒத்தெல்லோவாக நின்றார். 1976 ஜனவரி 23ஆம் நாள் மறைந்தார்.

இளைஞர்களே, எம்மொழியும் எக்கலையும் எவருடைய தனிச்சொத்தும் அன்று. உழைத்துக் கற்பவனுக்கு உரியது. பாடத்தை மனத்தில் ஏற்றுவது ஆயத்தத்தின் ஒரு பாதி. கற்ற பின் தயங்காது நிமிர்ந்து நிற்கப் பழகுவது மறு பாதி. நேர்முகத் தேர்வு அறையாயினும் பல்கலைக்கழக மன்றமாயினும், நுழையும் நம் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும். நுழைந்தபின் அக்கதவைப் பின்வருவோர்க்கும் திறந்து வைத்தல் வேண்டும். இவ்வெள்ளி விழா ஆண்டில் நம் சங்கம் அப்பணியை மேலும் சிறப்புறச் செய்க என வாழ்த்துகிறோம்.