டாக்டர் ரங்காச்சாரி: சாலையோரத்தில் நிற்கும் மருத்துவர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

சிலைகள் நிறைந்த நகரம் நமது சென்னை. கடற்கரையிலும் நாற்சந்திகளிலும் நிற்கும் தலைவர்களையும் புலவர்களையும் நாள்தோறும் பேருந்தின் சன்னல் வழியே கண்டு கடந்து செல்கிறோம். ஆனால் நோயாளிகள் வந்துபோகும் ஒரு மருத்துவமனையில் நிற்கும் சிலையை நின்று பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? நானும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய நாள் ஒன்று வந்தது.

சென்ற ஆண்டு பருவத் தேர்வுக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது என் தந்தையாருக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்பவர் அவர். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று, வயிற்று வலியை இரண்டு நாட்கள் ஓமத் தண்ணீர் குடித்தே தாங்கிக்கொண்டிருக்கிறார். ஆவடியிலிருந்து அவரைச் சென்னை சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தோம். அன்றிரவே அறுவைச் சிகிச்சை நடந்தது. பின்னர்ப் பதினொரு நாட்கள் அங்கேயே எங்கள் வாழ்க்கை. வார்டுக்குள் துணைக்கு ஒருவர்தான் இருக்கலாம் என்பதால் என் தாயாரும் நானும் முறை வைத்துக்கொண்டோம்.

உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தாயார் வளாகத்தில் நிற்கும் ஒரு சிலையின் முன் நின்று கைகூப்புவார். நான்காம் நாள் அவர் என்னிடம் அந்தப் பெரியவர் யார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எழுதப் படிக்கத் தெரியாத தாய், படித்த மகனிடம் ஒன்று கேட்கிறார், மகன் விழிக்கிறான். அந்த வெட்கமே என்னைத் தேடவைத்தது. தேடிக் கண்டதையே இங்கு எழுதுகிறேன்.

அவர்தான் டாக்டர் எஸ். ரங்காச்சாரி. 1882ஆம் ஆண்டு கும்பகோணத்தை அடுத்த சருக்கை என்னும் சிற்றூரில் பிறந்தவர். மருத்துவம் பயின்று அரசுப் பணியில் சேர்ந்து, வெளியூர் மருத்துவமனைகளில் பணியாற்றிய பின் சென்னைக்கு வந்தார். பெண்களுக்கான மருத்துவத்திலும் அறுவைச் சிகிச்சையிலும் அவருடைய கைக்கு நிகரில்லை என்று பெயர் பெற்றார். 1922இல் அரசுப் பணியை விட்டு விலகிப் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் சொந்தமாக மருத்துவமனை தொடங்கினார். ஆம் நண்பர்களே, நம் ஊர்ப்பக்கத்துப் பேருந்துகள் ஓடுகிற, இன்று பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை என்று வழங்குகிற அதே சாலைதான்!

நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் அவர் உழைத்தார் என்றும், விடியுமுன்பே அறுவை அறைக்குள் நுழைந்துவிடுவார் என்றும் அவரைப் பற்றி எழுதியவர்கள் கூறுகின்றனர். வசதி உள்ளவர்களிடம் கட்டணம் வாங்கிய அவர், இல்லாதவர்களுக்கு இலவசமாகவே மருத்துவம் பார்த்தார். தொலைதூர ஊர்களில் இருந்த நோயாளிகளை விரைந்து சென்று காண்பதற்காகப் 'பஸ் மாத்' என்னும் சிறிய விமானம் ஒன்றையும் வாங்கினார். ஆடம்பரத்திற்காக வானூர்தி வாங்கியவர் உண்டு. நோயாளிக்காக வாங்கியவர் எத்தனை பேர்? எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் அவருடைய வரலாற்றைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லவேண்டும். அவர் கத்தியைக் கையில் எடுத்த காலத்தில் நுண்ணுயிர்க் கொல்லி மருந்து எதுவும் இல்லை. பெனிசிலின் 1928இல் கண்டறியப்பட்டாலும் மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்தது 1940களில்தான். கொதிநீரில் வேகவைத்த கருவிகள், கிருமி நாசினித் திரவங்கள், கையின் வேகம், கண்ணின் கூர்மை — இவையே அன்றைய அறுவை மருத்துவரின் படைக்கலங்கள். என் தந்தையாரைப் போலக் குடல்வால் வெடித்து வயிறெங்கும் சீழ் பரவி வந்தவர்களில் பலரை அக்காலத்தில் எவராலும் காப்பாற்ற முடியவில்லை. தந்தையாரின் கட்டிலுக்கு மேலே தொங்கிய பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிய மருந்தைப் பார்க்கும்போதெல்லாம், அது இல்லாமலே போரிட்ட தலைமுறையை நினைத்துக்கொள்வேன்.

அந்த மருந்தில்லாக் காலமே இறுதியில் அவரையும் கொண்டுபோயிற்று. 1934ஆம் ஆண்டு டைபாய்டு காய்ச்சல் கண்டு ரங்காச்சாரி காலமானார். ஐம்பது வயதைச் சற்றே கடந்திருந்தார். அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் அக்காய்ச்சலைக் குணப்படுத்தும் குளோரம்பெனிக்கால் 1948இல்தான் வந்தது. பதினான்கு ஆண்டுகள்! ஒரு மனிதரின் உயிருக்கும் ஒரு மருந்துக்கும் இடையே இருந்த தொலைவு அவ்வளவுதான்.

1939ஆம் ஆண்டு, அன்றைய ஆளுநர் எர்ஸ்கின் பிரபு அவருடைய சிலையைத் திறந்துவைத்தார். இதில் ஒரு பொருத்தத்தைக் காண்கிறேன். 1857ஆம் ஆண்டுப் புரட்சியை ஈவிரக்கமின்றி ஒடுக்கிய நீல் என்னும் தளபதியின் சிலை மவுண்ட் ரோடில் நின்றது. அதை அகற்றக் கோரி 1927இல் அறப்போர் நடந்தது. 1937இல்தான் அது அகற்றப்பட்டது. உயிரை எடுத்தவன் இறங்கிய இரண்டே ஆண்டுகளில், உயிரைக் கொடுத்தவர் ஏறி நின்றார். எந்தச் சிலையை வைப்பது, எதை எடுப்பது என்பதில் ஒரு நாட்டின் நெஞ்சம் தெரிகிறது.

நோயுற்றோர் கூடுமிடத்தில் சிலை எதற்கு என்று கேட்கலாம். பண்டைக் கிரேக்கத்தில் எபிடாரஸ் என்னும் ஊரில் மருத்துவக் கடவுளுக்குப் பெரும் சிலை இருந்தது. நோயாளிகள் அக்கோயில் வளாகத்திலேயே படுத்துறங்கிக் குணம் வேண்டினார்கள். இன்று மேலைநாட்டு மருத்துவமனைகளில் தோட்டம் அமைத்துச் சிற்பங்களும் வைக்கிறார்கள். சிலை நோயைத் தீர்ப்பதில்லை. கவலையோடு வெளியே காத்திருப்பவருக்குக் கண்ணை நிறுத்த ஓர் இடம் தருகிறது. வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தின் நான்கு கூறுகளில் நோயாளியின் அருகிருந்து பேணுபவரையும் ஒரு கூறாக வைத்தார் அல்லவா? அந்த நான்காமவருக்கும் ஆறுதல் வேண்டும். என் தாயாருக்கு அதைக் கொடுத்தது அந்தச் சிலைதான்.

ஒன்பதாம் நாள் மாலை இதையெல்லாம் தாயாரிடம் சொன்னேன். விமானம் வாங்கிய கதையைக் கேட்டுச் சிரித்தார். டைபாய்டைக் கேட்டதும் அமைதியானார். இத்தனை பேரைப் பிழைக்கவைத்தவருக்கே மருந்து இல்லாமல் போயிற்றா என்று கேட்டார். அன்று அது கண்டுபிடிக்கப்படவில்லை என்றேன். அப்படியானால் கண்டுபிடிப்பவர்கள் எங்கே படிப்பார்கள் என்று கேட்டார். எங்கள் கல்லூரி மாதிரி இடத்தில்தான் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அதன் பாரம் புரிந்தது.

தந்தையார் நலமடைந்து மீண்டும் லேத் முன் நிற்கிறார். நான் இரண்டு தாள்களில் தவறினேன்; அடுத்த பருவத்தில் எழுதித் தேறினேன். தோழர்களே, அந்தச் சாலை வழியே நீங்கள் செல்லும்போது ஒரு நிமிடம் அவரை நிமிர்ந்து பாருங்கள். உடன் வரும் தாயோ தந்தையோ அவர் யார் என்று கேட்டால், என்னைப்போல் விழிக்காமல் விடை சொல்லுங்கள்.